அறிவின் திறவுகோல்: சாக்கடல் சுருள்களும் சொல்லடைவும் கணிப்பொறியும்

முன்னுரை

இன்று இறையியல் பயிலும் மாணவர் ஒருவர், ஓர் எபிரேயச் சொல் பழைய ஏற்பாட்டில் எத்தனை இடங்களில் வருகிறது என்பதைக் கணிப்பொறியின் துணைகொண்டு சில நொடிகளில் அறிந்துகொள்கிறார். கும்ரான் குகையொன்றில் கிடைத்த தோல் துணுக்கின் படத்தையும் தம் அறையில் இருந்தவாறே பெரிதாக்கிக் காண்கிறார். இவ்வாய்ப்பு எவ்வாறு கிட்டியது என்று கேட்போர் சிலரே. கருவிகள் வளர்ந்தன, ஆகவே அறிவும் பெருகிற்று என்று எளிதாக விடை கூறிவிடுகிறோம். வரலாறோ இதனினும் சிக்கலானது. சாக்கடல் சுருள்களுள் பெரும்பகுதி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மிகச் சிலருடைய கைகளிலேயே இருந்தது. அறிவு இல்லாமையன்று அதற்குக் காரணம்; அறிவு தொகுக்கப்பட்டிருந்தும் திறக்கப்படாமையே காரணம்.

ஒரு நிறுவனம் அறிவைக் கையாளுவதில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன எனலாம். சிதறிக் கிடப்பதைத் தொகுத்தல் முதலாவது. தொகுத்தவற்றை ஒன்றோடொன்று இணைத்தல் இரண்டாவது. இணைத்ததைப் பயன்படுத்தலும் பயன்படுத்த விடுதலும் மூன்றாவது. முதல் இரண்டிற்கும் கருவி பெரிதும் உதவுகிறது. மூன்றாவது, கருவியைவிட மனத்தைச் சார்ந்தது. இதனை விளக்கத் திருமறை ஆராய்ச்சியின் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சித் தொடரை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

1. சொல்லடைவு என்னும் பழைய கருவி

நம் சபைகளில் ஒத்தவாக்கிய அகராதி என்று வழங்கும் சொல்லடைவைப் போதகர் அனைவரும் அறிவர். இக்கருவியின் பிறப்பிடம் 13ஆம் நூற்றாண்டின் பாரிஸ் நகரம். அங்குத் தொமினிக்கன் சபைத் துறவியர் வாழ்ந்த புனித யாக்கோபு மடத்தில், சான்-ஷேர் ஊரினரான ஹியூ என்பவரின் தலைமையில், லத்தீன் திருமறைக்கு முதற் சொல்லடைவு உருவாயிற்று. அருளுரை ஆற்றுவதையே தலையாய பணியாகக் கொண்ட ஒரு துறவியர் சபைக்கு, வசனத்தை விரைந்து தேடியெடுக்கும் வழி தேவைப்பட்டது. அக்காலத்தில் அதிகாரப் பிரிவு இருந்தது. வசன எண் இன்னும் ஏற்படவில்லை. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பகுதிகளாகக் கருதி, ஏழு எழுத்துகளால் அப்பகுதிகளைக் குறித்தார்கள். பலருடைய உழைப்பை ஒரே ஒழுங்கிற்குள் கொண்டுவந்த கூட்டு முயற்சி அது.

15ஆம் நூற்றாண்டில் தென் பிரான்சில் வாழ்ந்த ஈசாக்கு நாத்தான் என்னும் யூத அறிஞர், எபிரேயத் திருமறைக்கு இத்தகைய சொல்லடைவு ஒன்றைச் செய்தார். கிறிஸ்தவர்களோடு நிகழ்ந்த சமய வாதங்களில் தம் மக்கள் விடையளிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். இதற்காகக் கிறிஸ்தவர்கள் வகுத்த அதிகாரப் பிரிவையே அவர் ஏற்றுக்கொண்டார். ஒரு சமூகம் தன் பயனுக்கென உருவாக்கிய கருவி, அதன் எதிர்வாதியின் கையிலும் பயன் தந்தது. பின்னர் 1737இல் அலெக்சாந்தர் குரூடன் ஆங்கிலத் திருமறைக்குத் தனியொருவராக முயன்று ஒரு சொல்லடைவு வெளியிட்டார். 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் பலருடைய துணையோடு அதனினும் விரிவான ஒன்றைத் தந்தார்.

சொல்லடைவின் இயல்பைச் சற்று நோக்குதல் வேண்டும். அது ஒரு நூலைச் சொற்சொல்லாகப் பிரித்து, அகர வரிசையில் மீண்டும் அடுக்குகிறது. ஆனால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு சொல்லும் தான் வந்த இடத்தின் முகவரியையும், தன் முன்னும் பின்னும் நின்ற சொற்களையும் உடன் கொண்டு செல்கிறது. ஆகவே சொல்லடைவைக் கையில் வைத்திருப்பவர், போதிய பொறுமை இருப்பின், அதிலிருந்து மூலநூலையே மீண்டும் கட்டிவிட முடியும். மூலநூல் எல்லார் கையிலும் இருந்த காலமெல்லாம் இவ்வுண்மையால் பயனொன்றும் இல்லை. மூலநூல் மறைந்திருந்து, சொல்லடைவு மட்டும் வெளிவந்தபோதுதான் இதன் பயன் தெரிந்தது.

2. பூசா அடிகளாரும் துளையிட்ட அட்டைகளும்

சொல்லடைவுப் பணிக்கு எந்திரத்தை முதன்முதல் பெரிய அளவில் அழைத்தவர் இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவியாகிய ரொபேர்த்தோ பூசா. 1913இல் பிறந்த இவர், தோமா அக்குவினாரின் எழுத்துகளில் இறைப் பிரசன்னம் என்னும் கருத்தை ஆராய முற்பட்டார். பிரசன்னத்தைக் குறிக்கும் சொற்களை மட்டும் தேடினால் போதாது என்றும், 'உள்ளே' என்னும் பொருள் தரும் சிறிய முன்னிடைச்சொல்லிலேயே அக்கருத்து தங்கியுள்ளது என்றும் கண்டார். அச்சொல் வரும் இடங்களை ஏறத்தாழ 10,000 அட்டைகளில் தம் கையால் எழுதினார். ஒரு சிறு சொல்லுக்கே இத்துணை உழைப்பெனில், அக்குவினாரின் எல்லாச் சொற்களுக்கும் யாது செய்வது என்னும் வினா அவர்முன் நின்றது.

1949இல் அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரில் ஐபிஎம் நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். கணக்கெழுதுவதற்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்கும் பயன்பட்ட துளையிட்ட அட்டை எந்திரங்களால் இதனைச் செய்ய இயலாது என்று அந்நிறுவனத்தின் வல்லுநர்கள் கருத்துத் தெரிவித்திருந்தனர். கடினமானதை உடனே செய்வோம், இயலாததற்குச் சற்றுக் காலம் வேண்டும் என்னும் பொருள்பட அந்நிறுவனமே அச்சிட்டிருந்த விளம்பரத் தாளொன்றைப் பூசா வாட்சனிடம் எடுத்துக் காட்டினார். வாட்சன் இசைந்தார். 1951இல் அக்குவினாரின் பாடல்களுக்கு ஒரு மாதிரிச் சொல்லடைவு வெளிவந்தது. முழுப்பணி அட்டையிலிருந்து காந்த நாடாவுக்கும், அதிலிருந்து அச்சுக்கும் சென்று, 1974 முதல் 1980 வரை 56 பெருந்தொகுதிகளாக நிறைவெய்தியது. அதில் அடங்கிய சொற்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டவை. 2005இல் அது இணையத்தில் யாவரும் தேடத்தக்கதாயிற்று. பூசா அடிகளார் 2011இல் காலமானார்.

இம்முயற்சியிலிருந்து இரு செய்திகளைக் குறித்துக்கொள்வோம். முதலாவது, எந்திரம் சொற்களை அடுக்குமேயன்றி, இச்சொல்லும் அச்சொல்லும் ஒரே வேரின என்பதைத் தானாக அறியாது. 'வந்தான்', 'வருவார்', 'வா' ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்பது தமிழறிந்த மனிதருக்கே தெரியும். லத்தீனிலும் அவ்வாறே. ஆகவே பணியின் மிகப் பெரும்பகுதி மனித உழைப்பாகவே இருந்தது. மனிதரின் உழைப்பையும் நேரத்தையும் குறைப்பது கணிப்பொறியின் தலையாய நோக்கமன்று, ஆராய்ச்சியின் ஆழத்தையும் பரப்பையும் கூட்டுவதே நோக்கம் என்பது பூசாவின் கருத்து.

இரண்டாவது, அவ்வுழைப்பை நல்கியவர்கள் யார் என்பது. மிலான் நகருக்கு அருகே கல்லராத்தே என்னும் ஊரில் அவர் நடத்திய மையத்தில், அட்டைகளில் துளையிடும் பணியைப் பெரும்பாலும் இளம் பெண்களே செய்தனர். அவர்களுள் பலர் லத்தீன் அறியாதவர். தாம் துளையிட்ட சொற்களின் பொருள் தெரியாமலே அவர்கள் அக்குவினாரின் இறையியலை எந்திரத்திற்குள் கொண்டு சேர்த்தனர். நிழற்படங்களில் அவர்கள் இருந்தும் நூலின் வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லாதிருந்தது. ஜூலியான் நைஹன் என்னும் ஆய்வாளர் 2010களில் அப்பெண்கள் சிலரை நேரிற்கண்டு அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தபின்னரே இக்குறை ஓரளவு நீங்கியது.

3. எருசலேமின் அட்டைப் பெட்டிகள்

பூசா அடிகளார் எந்திரத்தை நாடிய அதே காலத்தில், எருசலேமில் வேறொரு சொல்லடைவு கையால் எழுதப்பட்டு வந்தது. 1947ஐ ஒட்டிய காலத்தில் பெதுவின் இடையர்கள் கும்ரான் அருகே முதற் குகையைக் கண்டுபிடித்த செய்தியை நாம் அறிவோம். அக்குகையின் சுருள்கள் பெரும்பாலும் விரைவில் அச்சேறின. ஆனால் 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட நான்காம் குகையில் முழுச் சுருள்கள் இல்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட ஏடுகளிலிருந்து சிதைந்த ஏறத்தாழ 15,000 துணுக்குகளே இருந்தன. இவற்றை ஒன்றுசேர்க்க, தொமினிக்கன் துறவியான ரோலாண் தெ வோவின் தலைமையில் பல நாட்டு அறிஞர் குழுவொன்று 1950களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. ஃபிராங்க் கிராஸ், மிலிக், ஜான் அல்லெக்ரோ, ஜான் ஸ்ட்ரக்னல் முதலியோர் அதில் இருந்தனர். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இக்குழுவில் இடம்பெற்றனர். யூத அறிஞர் ஒருவரும் இடம்பெறவில்லை. அன்று யோர்தான் ஆட்சியில் இருந்த கிழக்கு எருசலேமின் பாலஸ்தீனத் தொல்பொருட் காட்சியகத்தில் பணி நடைபெற்றது. நஜீப் அல்பினா என்னும் பாலஸ்தீன நிழற்படக் கலைஞர் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படங்கள், கண்ணுக்குப் புலப்படாத எழுத்துகளையும் காட்டின.

துணுக்குகளை இணைப்பதற்குச் சொற்களின் பட்டியல் தேவைப்பட்டது. ஒரு துணுக்கில் பாதி அழிந்த சொல்லை நிரப்ப, அது வேறெங்கு முழுமையாக வருகிறது என்று அறிய வேண்டும். இதற்கென 1957இல் ஜோசஃப் ஃபிட்ஸ்மையர் அட்டைச் சொல்லடைவு ஒன்றைத் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து ரேமண்ட் பிரௌன், வில்லார்ட் ஆக்ஸ்டோபி, ஹவியேர் தெய்ஷிதோர் ஆகியோர் அப்பணியைச் செய்தனர். ஃபிட்ஸ்மையரின் லூக்கா விரிவுரையையும் பிரௌனின் யோவான் விரிவுரையையும் பயன்படுத்தும் நம்முள் பலர், அவ்விருவரும் இளமையில் அட்டை எழுதினர் என்பதை அறியார். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சொல், அதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள், ஏட்டின் பெயர், துணுக்கின் எண், வரியின் எண் ஆகியன குறிக்கப்பட்டன. குழுவினரின் பயனுக்கென்றே உருவான கருவி அது.

1950களின் பிற்பகுதியில் பூசாவும் ஐபிஎம் நிறுவனத்தினரும், அதுவரை அச்சேறியிருந்த சாக்கடல் சுருள்களின் சொற்களை எந்திரத்தில் ஏற்ற முற்பட்டனர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. எந்திரம் இருந்த இடத்தில், அச்சேறாத நான்காம் குகையின் மூலங்கள் இல்லை. அம்மூலங்கள் இருந்த எருசலேமில் அட்டையும் மையுமே கருவிகளாயின.

4. பூட்டப்பட்ட அறிவு

ஆய்வுக் குழுவின் அதிகாரபூர்வமான வெளியீட்டு வரிசையில் முதல் தொகுதி 1955இல் வந்தது. ஆனால் நான்காம் குகையின் ஏடுகளைப் பொறுத்தவரை 1968, 1977, 1982 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தொகுதிகளோடு நின்றுவிட்டது. இத்தாமதத்தின் காரணங்களை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். பணி மிகப் பெரிது. ஆட்கள் மிகச் சிலர். ஜான் ராக்ஃபெல்லரின் பொருளுதவி 1960இல் முடிவுற்றது. அறிஞர்கள் தத்தம் நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பி வேறு கடமைகளில் ஈடுபட்டனர். 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின் காட்சியகம் இஸ்ரயேலின் ஆட்சிக்குள் வந்தது. தெ வோ 1971இலும், அவருக்குப்பின் பொறுப்பேற்ற பியேர் பெனுவா 1987இலும் மறைந்தனர்.

இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இவற்றின்மேல் ஒரு வழக்கமும் சேர்ந்திருந்தது. ஓர் ஏடு எவருக்கு ஒதுக்கப்பட்டதோ அவர் வெளியிடும்வரை பிறர் அதனைப் பார்க்கக் கூடாது. அவர் தம் பங்கைத் தம் மாணவருக்கு வழங்கலாம். ஒதுக்கீடு பெற்ற ஆசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்யும் மாணவர் மூலத்தைக் கண்டார். அவ்வாய்ப்பில்லாத பல்கலைக்கழகத்தின் முதுபெரும் பேராசிரியருக்கும் அது கிட்டவில்லை. 1977இலேயே கேசா வெர்மெஷ் இந்நிலையை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இழப்பு சிறிதன்று. 'இறைவனின் மகன்', 'உன்னதமானவரின் மகன்' என்னும் பெயர்கள் வரும் அரமேய ஏடொன்றைக் குறித்து மிலிக் 1972இல் சொற்பொழிவாற்றினார். லூக்கா 1ஆம் அதிகாரத்தின் தூதுரையை விளக்குவோர் எவருக்கும் இன்றியமையாத அவ்வேடு 1992இல்தான் முழுமையாக வெளிவந்தது. பவுல் அடிகளார் கலாத்தியருக்கும் ரோமருக்கும் எழுதும்போது கையாளும் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' என்னும் தொடருக்கு நெருங்கிய எபிரேயத் தொடர் ஒன்று, கும்ரானின் மடல் போன்ற ஏடொன்றில் உள்ளது. இவ்வேட்டைப் பற்றி 1984இல் அறிஞருலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதிகாரபூர்வமான பதிப்பு வெளிவந்தது 1994இல். இதற்கிடையே எத்தனை இறையியல் மாணவர்கள் இவ்வேடுகளைக் காணாமலே பயின்று வெளியேறினர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

லூக்கா 11:52இல் ஆண்டவர் நியாயசாஸ்திரிகளைக் கடிந்துரைக்கும்போது, அறிவின் திறவுகோலை அவர்கள் எடுத்துக்கொண்டதையும், தாமும் நுழையாமல் நுழைவோரையும் தடுத்ததையும் குறிப்பிடுகிறார். அங்குக் கண்டிக்கப்படுபவர்கள் அறிவிலிகள் அல்லர். திருமறையை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். இவ்வசனம் இறையியல் கல்வியாளராகிய நமக்கு மிக அண்மையில் நிற்கிறது.

5. 1991: அட்டையிலிருந்து ஏட்டிற்கு

1988இல் அட்டைச் சொல்லடைவு ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரிலிருந்து ஐந்து தொகுதிகளாக மிகச் சில படிகள் மட்டும் எடுக்கப்பட்டது. மூல ஏடுகளை வெளியிடாதவர்கள், அவற்றின் சொல்லடைவை ஒரு சில நூலகங்களுக்கு அளிப்பதில் தீங்கொன்றும் காணவில்லை போலும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள ஹீப்ரு யூனியன் கல்லூரிக்கு ஒரு படி வந்து சேர்ந்தது.

அக்கல்லூரியின் பேராசிரியர் பென் சியோன் வாக்கோல்டர் போலந்து நாட்டில் பிறந்தவர். யூத இனப் படுகொலைக்குத் தப்பியவர். முதுமையில் அவர் பார்வை பெரிதும் மங்கியிருந்தது. அவருடைய மாணவரான மார்ட்டின் அபெக் என்னும் கிறிஸ்தவ இளைஞர் கணிப்பொறியைக் கையாளத் தெரிந்தவர். அபெக் சொல்லடைவின் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றினார். ஒரு சொல்லின் பின் எச்சொல் வருகிறதோ, அச்சொல்லின் பதிவில் முந்திய சொல் குறிக்கப்பட்டிருக்கும். முகவரியும் ஒத்துப்போகும். இவ்வாறு சொல்லோடு சொல்லையும், வரியோடு வரியையும் எந்திரம் இணைத்துக்கொண்டே சென்றது. உலகம் காணாதிருந்த ஏடுகள், மேசைமேல் இருந்த சிறு கணிப்பொறியில் மீண்டும் உருப்பெற்றன. இணைப்பு பொருந்துகிறதா, எபிரேயத் தொடர் இயல்பாக உள்ளதா என்று தீர்ப்பளித்தவர், முதுமொழிகள் அனைத்தையும் நினைவில் ஏந்தியிருந்த பேராசிரியர். மாணவரின் கண்ணும் ஆசிரியரின் நினைவும் எந்திரத்தின் விரைவும் அங்கு ஒன்றுசேர்ந்தன.

1991 செப்டம்பர் தொடக்கத்தில், ஹெர்ஷல் ஷாங்க்ஸ் நடத்திய திருமறைத் தொல்லியல் கழகம் இம்மறுகட்டமைப்பின் முதற்பகுதியை வெளியிட்டது. அதே மாதத்தில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம், பாதுகாப்பிற்கெனத் தன்னிடம் வைக்கப்பட்டிருந்த சுருள்களின் நிழற்படங்களை ஆய்வாளர் எவரும் காணலாம் என்று அறிவித்தது. அதன் இயக்குநர் வில்லியம் மோஃபட் எதிர்ப்புக்கு இணங்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் இஸ்ரயேல் தொல்பொருள் துறையினரும் தடையை நீக்கினர். நிழற்படங்களோடு ஒப்பிட்டபோது, சொல்லடைவிலிருந்து கட்டப்பட்ட வாசகம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. மூன்று பத்தாண்டுகளுக்கு முன் அட்டை எழுதிய நால்வரின் நேர்மைக்கு அது ஒரு சான்று. அவர்கள் ஒரு வரி எண்ணைக்கூடக் கவனமின்றி எழுதியிருப்பின், எந்திரம் எவ்வளவு விரைந்து உழைத்தும் பயனிராது.

6. திறந்தபின் நடந்தவை

1990இல் தலைமைப் பதிப்பாசிரியரான இம்மானுவேல் தோவ், குழுவைப் பல மடங்கு விரிவாக்கினார். யூத அறிஞரும் பெண் அறிஞரும் இடம்பெற்றனர். நாற்பது ஆண்டுகளில் மூன்று தொகுதிகளே கண்ட நான்காம் குகையின் ஏடுகள், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் முழுமையாக அச்சேறின. 2012 டிசம்பரில் இஸ்ரயேல் தொல்பொருள் துறை, கூகுள் நிறுவனத்தின் துணையோடு, இணையத்தில் ஒரு நூலகத்தைத் திறந்தது. பல்வேறு ஒளி அலைகளில் எடுக்கப்பட்ட புதிய படங்களும், 1950களில் அல்பினா எடுத்த படங்களும் அதில் அருகருகே உள்ளன. தோல் மேலும் சிதைந்துவிட்ட இடங்களில் பழைய படமே இன்று சான்றாக நிற்கிறது. 2021இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார், பெரிய ஏசாயாச் சுருளின் எழுத்து வடிவங்களைக் கணிப்பொறியால் ஆராய்ந்து, அதனை ஒருவரல்லர், இருவர் எழுதினர் என்று முடிவு கண்டனர்.

இவ்வாறாயினும் திறப்பினால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. மேற்கூறிய மடல் போன்ற ஏட்டினைப் பல ஆண்டுகள் உழைத்து மறுகட்டமைத்தவர் எலிஷா கிம்ரோன். அவர் இசைவின்றியும் அவர் பெயரின்றியும் அவ்வாசகம் 1991இல் அச்சிடப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். எருசலேம் நீதிமன்றம் 1993இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இஸ்ரயேலின் உச்ச நீதிமன்றம் 2000இல் அதனை உறுதி செய்தது. பழைய ஏடு யாவர்க்கும் உரியதாயினும், அழிந்த இடங்களை நிரப்பிய அறிஞரின் உழைப்பு மதிக்கத்தக்கது என்பதே வழக்கின் உட்கிடை. அறிவைத் திறப்பவர், உழைத்தவரின் பெயரை அழிக்கும் உரிமை பெற்றவர் அல்லர்.

மற்றொரு படிப்பினையும் உண்டு. வாஷிங்டனில் உள்ள திருமறைக் காட்சியகம் சாக்கடல் சுருள்களின் துணுக்குகள் என விலைக்கு வாங்கிய 16 துணுக்குகளும் இக்காலப் போலிகள் என 2020இல் அறிவிக்கப்பட்டது. அவை எக்குகையில், எவரால் எடுக்கப்பட்டன என்பதற்குச் சான்று இல்லாதிருந்தது. அவற்றுள் பல அறிஞரால் ஆராயப்பட்டு அச்சேறியும் இருந்தன. வந்த வழி தெரியாத செய்தியை எத்துணை அழகாகப் பதிப்பித்தாலும் அது அறிவாகாது.

7. திருச்சபைக்கு எழும் வினாக்கள்

திருச்சபையும் ஒரு நிறுவனமே. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள், சபைக் குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகள், பழைய இதழ்கள், ஆயர்களின் நாட்குறிப்புகள் எனப் பெருஞ்செல்வம் அதன் கையில் உள்ளது. பல இடங்களில் இவை பீரோவுக்குள் கறையானுக்கு இரையாகின்றன. சில இடங்களில் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றப்பட்டும் ஒருவருடைய மேசை அறைக்குள் அடங்கிவிடுகின்றன. பழுப்பேறிய தாளின் பூட்டுக்குப் பதிலாகப் புதிய கருவியின் கடவுச்சொல் வந்திருக்கிறது. பூட்டு என்னவோ பூட்டுதான்.

மேலே கண்ட வரலாறு இவ்வகையில் நமக்குச் சில வினாக்களை விடுக்கிறது. முதலாவது, தொகுத்தவர் யார் என்பது பதிவாகியுள்ளதா? கல்லராத்தே நகரின் பெண்களைப்போல், நம் ஏடுகளைப் படியெடுத்துத் தட்டச்சு செய்தோரின் பெயர்கள் விடுபட்டுவிடக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு செய்தியும் தன் முகவரியோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளதா? எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த ஏடு, எந்தப் பக்கம் என்பது இல்லையேல், நாளை வருபவர் எதனையும் இணைக்க இயலாது. வினவியவுடன் விடை எழுதித் தரும் கணிப்பொறிச் செயலிகள் பரவிவிட்ட இந்நாளில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. அவை தரும் விடை சரளமாக உள்ளது. எங்கிருந்து எடுத்தது என்பதோ பலமுறை தெளிவாக இல்லை. சொல்லடைவின் ஒழுக்கம் இதற்கு நேர் மாறானது. அது விளக்கம் எதுவும் கூறாமல் இடத்தை மட்டும் காட்டி, நம்மையே சென்று வாசிக்கச் செய்கிறது.

மூன்றாவது, யார் காணலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்? எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்துவிடுதல் வேண்டும் என்று நாம் கூற முன்வரவில்லை. ஆயரிடம் ஒருவர் மனம் திறந்து கூறியதும், சபை ஒழுங்கு நடவடிக்கையில் வாழ்வோர் பெயர் அடங்கிய குறிப்பும் காக்கப்பட வேண்டியவை. அங்கு மறைப்பது எளியோரைக் காக்கும் கடமையாகும். ஆனால் ஆய்வாளர் தம் முதன்மையைக் காக்கவும், அலுவலர் தம் அதிகாரத்தைக் காக்கவும் மறைப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு நேரிய அளவுகோல் உண்டு. மறைப்பதனால் காக்கப்படுபவர் மறைப்பவரா, மற்றவரா என்று கேட்டால் போதும்.

முடிவுரை

கும்ரான் துணுக்குகளைச் சேர்த்த முதற் குழுவினர் பேருழைப்பாளிகள். அவர்கள் இல்லையேல் ஏடுகளே இல்லை. அவர்களைத் தூற்றுவது நம் நோக்கமன்று. உழைப்பு மிகுந்த இடத்திலேயே உரிமை கொண்டாடும் சோதனையும் மிகுகிறது என்பதையே அவர்கள் வரலாறு காட்டுகிறது. பவுல் அடிகளார் தம்மையும் தம் உடன் ஊழியரையும் இறைவனுடைய இரகசியங்களின் உக்கிராணக்காரர் என்று 1 கொரிந்தியர் 4:1இல் குறிக்கிறார். உக்கிராணக்காரர் பொருளைப் பெற்றவரே. அதன் உடைமையாளர் அல்லர். உரிய நேரத்தில் வீட்டாருக்குப் படியளப்பதற்காகவே சாவி அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

ஆகவே நம் கல்லூரிகளிலும் சபைகளிலும் உள்ள ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றத் திட்டமிடுவோர், கருவி வாங்கும் முன்னரே மூன்று செய்திகளை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுதல் நலம். உழைத்தவர் பெயர் எங்குப் பொறிக்கப்படும், ஒவ்வொரு பதிவின் மூல முகவரி எவ்வாறு குறிக்கப்படும், எத்தனை ஆண்டுகளுக்குள் அது பிறர் பார்வைக்கு வரும் என்பனவே அவை. இவற்றுக்கு விடை எழுதிய பின்னர் வாங்கப்படும் கருவி எளிய விலையினதாயினும் பணி நிலைபெறும். 1957இல் எருசலேமில் ஓர் இளம் துறவி மையால் எழுதிய அட்டை, 1991இல் சின்சினாட்டியில் பார்வை மங்கிய ஒரு முதியவருக்குப் பயன்பட்டது. எழுதியவர் அவரை எண்ணி எழுதவில்லை. எனினும் செவ்வையாக எழுதினார். அதுவே போதியதாயிற்று.